கால்பந்தாட்டமும் தென்னாட்டு வீரரும்

கால்பந்தாட்டம் என்றவுடன் வங்காளத்தையும் கோவாவையும் மலையாள நாட்டையும் சுட்டிக்காட்டி, "அஃது அவர்கள் ஆட்டம்; நமக்குரியன சடுகுடுவும் மஞ்சுவிரட்டுமே" என்று கூறி அமைந்துவிடுவார் நம் மதுரையிற் பலர். இளைஞராயின் கிரிக்கெட்டையும் உடன் சேர்த்துக்கொள்வர். கேட்டுக் கேட்டுப் பழகிய இக்கூற்றை மெய்யென்றே நாம் நம்பியும் விட்டோம். ஆயின், இந்திய நாட்டின் பெயரால் ஒலிம்பிக்கிலும் ஆசியப் பந்தயங்களிலும் முதற்காலத்தில் களமிறங்கிய கோஷ்டிகளின் பெயர்ப் பட்டியல்களை ஒருமுறை கண்ணுற்றார்க்கு ஐயம் பிறவாதிராது. வரதராஜ், ராமன், தன்ராஜ், வஜ்ரவேலு, சண்முகம், தங்கராஜ், பலராம், சுந்தரராஜ், அருமைநாயகம், எதிராஜ்: இப்பெயர்கள் கங்கைக் கரையில் வழங்கும் பெயர்கள் அல்ல.

இவர்களை நாம் மறந்தோம் என்று சொல்லுதலும் பொருந்தாது. மறத்தற்கு முன் அறிந்திருத்தல் வேண்டுமன்றோ? இலக்கியம் பயிலும் மாணாக்கர் கடைச்சங்கப் புலவர் பெயரையும் ஊரையும் ஒப்பிப்பர்; ஒரு பாட்டே பாடியவராயினும் அவர் எவ்வூரினர் என ஆராய்வர். எண்பது ஆண்டுகட்கும் உட்பட்ட காலத்தே நாட்டின் சின்னத்தை மார்பிற் பொறித்து ஆடியவரின் ஊரையும் பேரையும் வினவுவாரில்லை. இஃது ஆட்டத்தைப் பற்றிய குறை மட்டும் அன்று; நம் வரலாற்றறிவைப் பற்றிய குறையுமாம் என்பதே யான் ஈண்டுக் கூறப் புகுவது.

1948 ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 31 ஆம் நாளை எடுத்துக்கொள்வோம். நாடு விடுதலை பெற்று ஓராண்டு நிறையவில்லை. லண்டன் ஒலிம்பிக் பந்தயங்களின் பகுதியாக, அந்நகரை அடுத்த இல்போர்டு என்னும் ஊரில் இந்தியக் கோஷ்டி பிரெஞ்சுக் கோஷ்டியை எதிர்த்து நின்றது. காணத் திரண்டோர் ஏறத்தாழ 17,000 பேர். நம்மவருட் பெரும்பாலோர் வெறுங்காலினர். காலில் துணிக்கட்டுச் சுற்றியதன்றிப் பூட்ஸ் அணிந்தாரில்லை. முற்பாதியிற் பிரெஞ்சுக்காரர் ஒரு கோல் போட்டனர். நமக்குப் பெனால்டி உதைகள் இரண்டு கிடைத்தன, இரண்டும் வீணாயின. 70 ஆம் நிமிஷத்தில் சாரங்கபாணி ராமன் என்பார் பந்தைக் கோலுக்குட் செலுத்திக் கணக்கை நேர் செய்தார். ஆட்டம் முடியுந் தறுவாயிற் பிரெஞ்சுக்காரர் மற்றொரு கோல் போட்டு 2-1 என வென்றனர். தோல்விதான், அதனை மறைப்பதற்கில்லை. எனினும், ஒலிம்பிக் கால்பந்தாட்டத்தில் இந்தியா போட்ட முதற்கோல் அது. அதனைப் போட்டவர் ராமன்.

அன்றைய கோஷ்டித் தலைவர் டாலிமெரென் ஆவோ. நாகர் மலையிற் பிறந்து கல்கத்தாவில் வைத்தியக் கல்வி பயின்றவர். போதகர் ஒருவரின் புதல்வர். வெறுங்காலோடு ஆடுவதேன் என்று லண்டன் பத்திரிகைக்காரர் வினவ, நாங்கள் ஆடுவது காலாற் பந்தாடுதல், நீங்கள் ஆடுவது பூட்ஸாற் பந்தாடுதல் என்னும் கருத்துப்பட அவர் நகைச்சுவையோடு விடையிறுத்ததாகக் கூறுவர். இக்கதையை நாகர் நாட்டார் இன்றும் பெருமையோடு சொல்லுகின்றனர். அவர் பெயரால் ஆட்டக்களங்கள் உள. 2018 ஆம் ஆண்டில் இந்திய அஞ்சற்றுறை அவருக்குத் தலை வெளியிட்டுச் சிறப்புச் செய்தது. தலைவரை அவருடைய மலைநாடு மறக்கவில்லை. அவரோடு உடன் நின்று கோல் போட்டவரோ அன்றைய பட்டியல்களில் 'எஸ். ராமன்' என்னும் அளவில் நின்றுவிட்டார். அவ்வெழுத்து சாரங்கபாணி என விரியும் என்பதையேனும் நம்முள் எத்தனை பேர் அறிவர்? அப்பெயரைக் கேட்டவுடன் குடந்தைக் கோயிலை நினையாத தமிழர் உண்டோ?

நிற்க. இவ்வாட்டம் நம் நாட்டுக்கு வந்த வரலாற்றைச் சிறிது காண்போம். கொணர்ந்தவர் ஆங்கிலப் பட்டாளத்தார். 1888 இல் சிம்லாவில் தொடங்கிய டூரண்ட் கோப்பை அவர்களுக்கென்றே ஏற்பட்டது. இந்தியச் சங்கமொன்று அதனை முதன்முறை வென்றது 1940 இல், அஃது கல்கத்தாவின் முகமதன் ஸ்போர்டிங். பட்டாளத்தாரை அடுத்து இவ்வாட்டத்தைப் பரப்பியவை பள்ளிக்கூடங்கள். அவற்றுள்ளும் சிறப்பாக மிஷன் பள்ளிக்கூடங்கள். காஷ்மீரத்து ஸ்ரீநகரில் 1891 இல் டிண்டேல் பிஸ்கோ என்னும் பாதிரியார் தோற்பந்தைப் பள்ளிக்குக் கொணர்ந்தபொழுது, தோலைத் தீண்டுதல் தீட்டென்று பிராமணப் பிள்ளைகள் மறுத்தனர். ஆசிரியர்களைப் பிரம்போடு களத்தைச் சுற்றி நிறுத்தி அவர் ஆட்டத்தைத் தொடங்குவித்தார். அம்முறை எனக்கு உடன்பாடன்று. ஆயினும், எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒரே பந்தின்பின் ஓடியது நம் நாட்டிற்குச் சிறிய செய்தியன்று.

1911 இல் மோகன் பகான் சங்கத்தார் ஈஸ்ட் யார்க்ஷயர்ப் பட்டாளத்தை 2-1 என வென்று ஐ. எப். ஏ. கேடயத்தைக் கைக்கொண்ட கதையைச் சரித்திர பாடத்திலேயே படித்திருக்கின்றோம். அக்கோஷ்டியிற் பூட்ஸ் அணிந்து ஆடியவர் ஒருவரே. அவர் சுதீர் சட்டர்ஜி என்னும் கிறித்துவர், பின்னர்ப் போதகரானவர். வங்காளத்தார் அப்பதினொருவரையும் பெயர் சொல்லி அழைப்பர். அவர்கட்குச் சிலை உண்டு, பாட்டு உண்டு, ஆண்டுதோறும் விழா உண்டு. ஆட்டத்தில் அவர்கள் நம்மினும் வல்லவரா அல்லரா என்பது வேறு வழக்கு. நினைவில் வைத்தலில் அவர்கள் நம்மினும் வல்லவர் என்பதில் வழக்கே இல்லை.

இனி, தென்னாட்டு வீரர் எங்கிருந்து வந்தனர்? பட்டாளம் தங்கிய ஊர்களிலிருந்து வந்தனர். பெங்களூர்த் தண்டுப்பகுதி, செகந்திராபாத், நீலகிரியிலுள்ள வெல்லிங்டன் ஆகிய இடங்களிற் பட்டாளம் இருந்தது. பட்டாளம் இருந்த இடத்தில் மைதானம் இருந்தது. மைதானம் இருந்த இடத்தில் மாலைதோறும் பந்தயம் இருந்தது. பெங்களூர்த் தண்டில் அல்சூர், ஆஸ்டின் டவுன் முதலிய பகுதிகளிற் குடியேறிய தமிழ்பேசும் மக்கள் பெருந்தொகையினர். பட்டாளத்துக்குச் சமைத்தவர், துணி வெளுத்தவர், குதிரை பார்த்தவர் ஆகியோரின் பிள்ளைகள் கோட்டிற்கு வெளியே நின்று பார்த்துப் பழகி, பின்னர்க் கோட்டிற்கு உள்ளே வந்து பட்டாளத்தாரையே தோற்கடித்தனர். அல்சூரை அடுத்த கௌதமபுரத்தில் இவ்வாட்டம் இன்றும் தெருவின் உயிராக உள்ளது. மைசூர்க் கோஷ்டி 1946-47 இல் வங்காளத்தையே வென்று சந்தோஷ் கோப்பையைக் கைப்பற்றியது என்றால், அவ்வெற்றி ஓரிரவில் முளைத்ததன்று.

நம் மதுரைக்கோ அவ்வாய்ப்பு வாய்க்கவில்லை. 1840 களிற் கலெக்டர் பிளாக்பர்ன் துரை கோட்டையை இடித்து அகழியைத் தூர்ப்பித்தபின் இவ்வூர் பட்டாளத்தூராக இல்லை. கோட்டை போன இடத்தில் வெளிவீதிகளும், மாரட்டு வீதியும், பெருமாள் மேஸ்திரி வீதியும் எழுந்தன, மைதானம் எழவில்லை. ஆதலின் இங்கே பந்து வந்தது பள்ளிக்கூடத்தின் வழியாக வந்தது. வற்றிய கண்மாயிலும் வைகை மணலிலும் ஆடியவர்க்குப் பந்தயமும் பயிற்சியும் பட்டாளத்தூர்ப் பிள்ளைகட்குக் கிடைத்த அளவில் எங்ஙனம் கிடைக்கும்? தமிழர்க்கு இவ்வாட்டம் இயல்பாகவே வாராது என்பார் இவ்வேறுபாட்டைச் சிந்தித்திலர். வாராதது தமிழர்க்கு அன்று. மைதானம் இல்லாத ஊரார்க்கு.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நம்மவரை எடுத்து வளர்த்தது கல்கத்தா. ஈஸ்ட் பெங்கால் சங்கத்தின் ஜோதிஷ் குகா என்பார் தெற்கேயிருந்து வீரர்களைத் தேடிக் கொணர்ந்தார். வெங்கடேஷ், அப்பாராவ், தன்ராஜ், அகமது கான், சாலே என்னும் ஐவரும் முன்வரிசையில் நின்று ஆடிய 1949 முதல் 1953 வரையுள்ள காலத்தை அச்சங்கத்தின் பொற்காலம் என்பர். 1949, 1950, 1951 என மூன்றாண்டு தொடர்ந்து ஐ. எப். ஏ. கேடயம் அவர்களுடையது. கல்கத்தா மக்கள் இவ்வைவர்க்கும் இட்ட பெயர் 'பஞ்ச பாண்டவர்'. அகமது கான் பெங்களூரினர், சாலே கோட்டயத்தினர், அப்பாராவ் காக்கிநாடாவினர். முகமதியரும் இந்துக்களும் கலந்த ஐவரைப் பாண்டவர் என்றழைத்த அம்மக்களின் உள்ளம் வியத்தற்குரியது. பாண்டவர் ஐவரும் தெற்கிற் பிறந்து வடக்கிற் புகழ்பெற்றனர். தெற்கில் அவர்களைப் பற்றி ஒரு சிறு நூலேனும் நம் கையிற் புழங்கவில்லை. கல்கத்தா நம் வீரரைக் கவர்ந்துகொண்டது என்று குறைகூறுவாரைக் கண்டிருக்கின்றேன். கவர்தற்குக் காத்தவர் வேண்டும், நாம் காக்கவில்லை.

1950 ஆம் ஆண்டுக் கதை இதனினும் வருத்தந் தருவது. அவ்வாண்டு பிரேசில் நாட்டில் உலகக் கோப்பைப் பந்தயம் நடந்தது. தகுதிச் சுற்றில் நம்மோடு வைக்கப்பெற்ற பர்மா, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் ஆகிய மூன்றும் விலகிக்கொள்ள, இந்தியா ஆடாமலே தகுதி பெற்றது. இத்தாலி, சுவீடன், பராகுவே ஆகியவற்றோடு நமக்கு இடமும் குறித்தாயிற்று. கப்பற் பயணச் செலவிற் பெரும்பங்கைத் தாமே ஏற்பதாகப் பிரேசில் நாட்டார் கூறினர். எனினும் நம் கோஷ்டி போகவில்லை. வெறுங்காலோடு ஆட விடமாட்டோம் என்று சர்வதேசச் சங்கத்தார் தடுத்தமையால் போகவில்லை என்னும் கதை இன்றளவும் தேநீர்க் கடைதோறும் வழங்குகின்றது. அது பொய். ஆட்டக்காரரைத் தெரிந்தெடுப்பதில் ஒற்றுமை இன்மையும் பயிற்சிக்குப் போதிய காலம் இன்மையுமே அகில இந்தியச் சங்கத்தார் அன்று கூறிய காரணங்கள். ஒலிம்பிக்கையே பெரிதெனக் கருதி, உலகக் கோப்பையின் அருமையை அவர்கள் அறிந்திலர் என்று, 1951 இல் இந்தியாவின் கோஷ்டித் தலைவராக விளங்கிய சைலேன் மன்னா பிற்காலத்திற் கூறியுள்ளார்.

இப்பொய்யை யான் பொறுக்கமாட்டாமைக்குக் காரணம் உண்டு. இக்கதை, குற்றத்தை நாற்காலியில் அமர்ந்திருந்தோரிடமிருந்து எடுத்து, களத்தில் ஓடியோரின் காலடியிற் கொண்டுபோய் வைக்கின்றது. பூட்ஸ் அணியத் தெரியாத காட்டுமனிதரென அவர்களைக் காட்டி நகைக்கின்றது. அவர்களுட் சிலர் பூட்ஸ் அணிந்தே ஆடினர் என்பதும், அணிய வேண்டிய இடத்தில் ஏனையோரும் அணியக் கற்றனர் என்பதும் இக்கதையை நாவிற் கொண்டார்க்குத் தெரிவதில்லை. 1952 இல் ஹெல்சிங்கியில் யூகோஸ்லாவியாவிடம் 10-1 எனத் தோற்றபின் பூட்ஸ் கட்டாயமாயிற்று. அடுத்த ஒலிம்பிக்கிலேயே, 1956 இல் மெல்போர்னில், இந்தியா நான்காம் இடம் பெற்றது. ஆசியக் கண்டத்தார் ஒலிம்பிக் கால்பந்தில் அரையிறுதிச் சுற்றை எட்டியது அதுவே முதன்முறை. வெறுங்காலாலன்றி ஆடத் தெரியாதோர் நான்கே ஆண்டில் இந்நிலை எய்துவரோ?

நாம் போகாதிருந்த அந்த 1950 உலகக் கோப்பையிலேதான் உலகம் வியந்த ஒரு நிகழ்ச்சி நடந்தது. ஜூன் 29 ஆம் நாள், பெலோ ஹொரிசோன்டி என்னும் ஊரில், அமெரிக்கக் கோஷ்டி இங்கிலாந்தை 1-0 என வென்றது. அமெரிக்கரும் இவ்வாட்டத்திற்கு அயலார் என்றே எண்ணப்பட்டவர். நம் நாட்டிற்கு வந்த அமெரிக்கர் கற்பித்த ஆட்டங்களும் வேறே. 1920 இற் சென்னையில் ஒய். எம். சி. ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியை நிறுவிய ஹாரி குரோ பக் துரைமகனார் போன்றோர் வழியாக இங்கே வேர்விட்டவை கைப்பந்தும் கூடைப்பந்தும். அத்தகைய நாட்டார் இங்கிலாந்தை வென்றது எங்ஙனம்? அவர்களுடைய பட்டியலைப் பார்த்தால் விடை கிடைக்கும். பதினொருவருள் ஐவர் செயின்ட் லூயி என்னும் ஒரே நகரத்தார். அவருள்ளும் பெரும்பாலோர் அந்நகரில் இத்தாலியர் குடியேறிய மேட்டுத் தெருக்களின் பிள்ளைகள். இருவர் பால் ரிவர் என்னும் பஞ்சாலை ஊரினர். கோல் காவலர் பிராங்க் போர்கி சவ ஊர்தி ஓட்டுபவர். வால்டர் பார் பள்ளிக்கூட ஆசிரியர். கோல் போட்ட ஜோ கேட்ஜென்ஸ் ஹெயிட்டித் தீவிலிருந்து படிக்க வந்து, உணவுச்சாலையில் தட்டுக் கழுவியவர். பின்னர்த் தம் நாடு திரும்பிய அவரை 1964 இல் அந்நாட்டுக் கொடுங்கோலர் பிடித்துச் சென்றனர். அதன்பின் அவரைக் கண்டார் இலர்.

பால் ரிவர் என்னும் ஊரைச் சற்று நின்று நோக்குதல் தகும். மதுரையார்க்கு அவ்வூர் அயலூர் அன்று. 1834 முதல் நம் ஜில்லாவிற்கு மிஷனரிமாரை அனுப்பிய சங்கம் இருந்த பாஸ்டன் நகரத்திற்கு ஏறத்தாழ ஐம்பது மைல் தெற்கே உள்ளது அது. ஆங்கில நாட்டு லங்காஷயரிலிருந்து நெசவாளர் அங்குள்ள ஆலைகளுக்கு வேலைக்குச் சென்றனர். தறியோடு பந்தையும் கொண்டு சென்றனர். போர்த்துக்கேயரும் கனடாவிலிருந்து வந்த பிரெஞ்சுக்காரரும் அவர்களிடம் கற்றனர். 1930 இல் நடந்த முதல் உலகக் கோப்பையில் அமெரிக்கா அரையிறுதி வரை சென்றது. அக்கோஷ்டியில் அவ்வூர் ஆலைப்பகுதியில் வளர்ந்த பில்லி கன்சால்வஸும் பெர்ட் பாட்டனோடும் இருந்தனர். அவ்வூரை அடுத்த பாடக்கெட்டில் ஜே. அண்ட் பி. கோட்ஸ் என்னும் நூற்கம்பெனிக்கு ஆலை இருந்தது. அவ்வாலையின் பெயராலேயே ஒரு கால்பந்துக் கோஷ்டி இருந்தது. 1922-23 ஆம் ஆண்டு அமெரிக்க லீக் பந்தயத்தை வென்றதும் அக்கோஷ்டியே. கோட்ஸ் என்னும் பெயர் நமக்குப் புதிதோ? ஹார்வி துரைமார் தொடங்கிய மதுரை மில்லோடு பின்னாளில் இணைந்து 'மதுரா கோட்ஸ்' எனப் பலகையில் நின்றது அதே பெயர்தான். நம் தாய்மார் ஊசியிற் கோத்த நூற்கண்டும், அமெரிக்கக் கால்பந்தின் ஒரு கோப்பையும் ஒரே பெயரின் கீழ் வந்தவை!

பாட்டனோடின் கதையை நம் மாணாக்கர் அறிதல் நலம். 1930 ஜூலை 17 இற் பராகுவேக்கு எதிராக மூன்று கோல்களையும் அவரே போட்டார். உலகக் கோப்பையில் ஒருவர் ஓராட்டத்தில் மூன்று கோல் போட்டது அதுவே முதன்முறை. ஆயினும், அவற்றுள் ஒன்றை ஏட்டிற் பிறர் கணக்கில் எழுதிவிட்டனர். இரண்டு நாள் கழித்து மூன்று போட்ட அர்ஜென்டீனாக்காரர் ஒருவருக்கே முதன்மை சென்றது. பாட்டனோடு 1974 இல் இறந்தார். அவரோடு ஆடியோர் சொன்னதையும் பழைய செய்தித்தாள்களிற் கண்டதையும் அவருடைய நாட்டு ஆராய்ச்சியாளர் விடாது எடுத்துக்காட்டவே, 2006 இற் சர்வதேசச் சங்கம் ஏட்டைத் திருத்தியது. எழுபத்தாறு ஆண்டு சென்று, ஆலைத்தொழிலாளர் ஊரின் மகன் ஒருவருக்கு ஒரு கோல் மீண்டது. ஒரு கோல்தானே என்று அவர்கள் விட்டுவிடவில்லை.

இனி ஒரு தடையை எழுப்புவர். "ராமனும் வரதராஜும் மைசூர்க்குரியவர், தங்கராஜும் பலராமும் ஐதராபாத்திற் பிறந்தவர், அவர்களை மதுரைக்காரராகிய நீவிர் உம்மவர் என்பது முறையோ?" என்பர். வீரரைச் சாதிக்கும் மொழிக்கும் பங்கிடுவது என் கருத்தன்று. மாகாண எல்லைகள் 1956 இல் மொழி பற்றி வகுக்கப்பட்டவை. இவ்வீரர் பலர் அதற்கு முன்னரே ஆடத் தொடங்கியவர். பெங்களூர்த் தண்டில் தமிழும் கன்னடமும் உருதுவும் ஒரே தெருவிற் பேசப்பட்டன. ஆதலின் அவர்கள் கன்னட நாட்டார்க்கும் உரியர், நமக்கும் உரியர், வங்காளத்தார்க்கும் உரியர். தீமை எதில் விளைகின்றதெனின், மூவர்க்கும் உரியவர் என்னுங் காரணத்தாலேயே மூவரும் கைவிட்டுவிடுதலில்.

துளசிதாஸ் பலராமே இதற்குச் சான்று. 1936 இற் செகந்திராபாத்தை அடுத்த சிற்றூரில் தமிழ்ப் பெற்றோர்க்குப் பிறந்தார். 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஹங்கேரிக்கு எதிராகக் கோல் போட்டார்; இந்தியா 2-1 எனத் தோற்றபோதிலும் உலகின் தலைசிறந்த கோஷ்டிகளில் ஒன்றை அன்று திணறச் செய்தது. 1962 இல் ஜகார்த்தாவில் தென்கொரியாவை 2-1 என வென்று ஆசியப் பொற்பதக்கம் பெற்ற கோஷ்டியிலும் அவர் இருந்தார். அருமைநாயகமும் எதிராஜும் தங்கராஜும் உடனிருந்தனர். அவ்வாண்டு அர்ஜுனா விருது அவருக்குக் கிடைத்தது. உடல்நலக் குறைவால் இளமையிலேயே ஆட்டத்தை விட்ட அவர், வங்காளத்திலேயே தங்கி 2023 பிப்ரவரியில் மறைந்தார். தமிழ்ச் செய்தித்தாள்களில் எத்தனை வரி வந்தது என்று நூல்நிலையத்திற்குச் சென்று பார்ப்போர் நாணுவர்.

பீட்டர் தங்கராஜையேனும் நாம் எளிதில் உரிமை கொண்டாடலாம். அவர் சேர்ந்தது சென்னைப் பட்டாளத்தின் வெல்லிங்டன் மையம். நீலகிரி நம் மாநிலத்தது. முதலில் முன்வரிசையில் ஆடிக்கொண்டிருந்த அந்நெடிய மனிதர் பின்னர்க் கோல் காவலராகி, 1958 இல் ஆசியாவின் சிறந்த கோல் காவலர் எனப்பெற்றார். அப்பட்டாளத்தார் 1955 இலும் 1958 இலும் டூரண்ட் கோப்பையை வென்றனர். ஆங்கிலப் பட்டாளத்தார் தமக்கென்றே வைத்திருந்த கோப்பை சென்னைப் பட்டாளத்தார் கைக்கு இருமுறை வந்தது! உதகைக்கு உல்லாசப் பயணம் போகும் நம் மாணாக்கர், வெல்லிங்டனைக் கடந்து செல்லும்போது வண்டியின் பலகணி வழியே தேயிலைத் தோட்டத்தை மட்டும் பார்க்கின்றனர். சைமன் சுந்தரராஜ் மற்றொருவர். ரோம் ஒலிம்பிக்கில் இந்தியக் கோஷ்டியில் இருந்த இத்தமிழர், 1973 இற் கேரளம் முதன்முதலாகச் சந்தோஷ் கோப்பையை வென்றபோது அக்கோஷ்டியைப் பயிற்றியவர். மலையாள நாட்டாருக்கு இவ்வாட்டம் பிறவிக்குணம் என்போர், அவர்களுடைய முதற்கோப்பைக்குப் பின்னே நின்ற தமிழரையும் நினைக்கட்டும்.

இவற்றையெல்லாம் அரசாங்கம் செய்யட்டும், சங்கம் செய்யட்டும் என்று காத்திருத்தல் வேண்டா என்பது என் எண்ணம். தமிழ் பயில்வோர்க்கு ஏடு தேடும் பழக்கம் உண்டு; அப்பழக்கத்தைச் சிறிது திருப்பிவிட்டாற் போதும். நம் கல்லூரி ஆண்டு மலரின் பழைய இதழ்களில் விளையாட்டு அறிக்கை என்னும் பகுதியை யாரும் படிப்பதில்லை. ஆசிரியர் பெயர், கோஷ்டியார் பெயர், எதிர்த்த ஊர், கோல் கணக்கு எல்லாம் அதில் அடங்கியுள்ளன. திருப்பரங்குன்றத்தை அடுத்த ஹார்விப்பட்டியில் ஆலைத்தொழிலாளர் குடும்பங்கள் வாழ்கின்றன. ரயில்வே காலனியிலும் முதியோர் உளர். ஆலையிலும் ரயில்வேயிலும் அந்நாளில் யார் யார் பந்தாடினர், எங்கே ஆடினர், யாரோடு ஆடினர் என்று விடுமுறையில் நால்வர் சென்று கேட்டு எழுதினால், அடுத்த மலருக்கு ஒரு கட்டுரை ஆகும். அவர்கள் எண்பதையும் தொண்ணூறையும் எட்டியவர். பத்தாண்டு கழித்துச் சென்றால் கேட்பதற்கு ஆள் இராது. இலங்கைத் தமிழர் இவ்வாட்டத்தை உதைபந்தாட்டம் என்றே இன்றும் வழங்குவர்; நம் முதியோர் வாயில் என்ன சொல் இருந்தது என்பதும் அப்போது தெரியவரும். மொழி பயில்வோர்க்கு அதுவும் ஊதியமே.

பிறிதொன்றும் உண்டு, செலவில்லாதது. நம் கல்லூரியில் வகுப்புக்களுக்கிடையே ஆண்டுதோறும் நடக்கும் கால்பந்துப் பந்தயத்திற்குரிய கோப்பைக்கு இன்னும் பெயர் இல்லை. அதற்கு ராமன் பெயரை இடலாம் என்பது என் விண்ணப்பம். வெளியூரார் பெயரா என்று முணுமுணுப்போர் இருப்பின், இல்போர்டில் அவர் ஆடியது எவ்வூருக்காக என்று அவர்களே சொல்லட்டும். அடுத்த பந்தயம் தொடங்குமுன் விளையாட்டுக் குழுவினர் கூடி இதனை முடிவு செய்வார்களாயின், பெயர் பொறிக்கும் தட்டானிடம் கொடுக்கும் சீட்டில் 'எஸ். ராமன்' என்று எழுதிவிடாமல், சாரங்கபாணி ராமன் என்று முழுமையாக எழுதிக் கொடுக்கக் கேட்டுக்கொள்கின்றேன்.